வெளியூர்க் கோல்

ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கைப் பிடுங்கும் அம்மோனியா நெடி பலருக்குக் குமட்டும். எனக்கு மட்டும், எங்கேயாவது ஒரு மீன் கிடங்கைக் கடக்கும்போது அது வந்து அறைந்தால், கண்ணில் நீர் கட்டுவதற்கு முன்பே உதட்டில் சிரிப்பு வந்துவிடும். அந்த நெடிக்குள் நின்றுகொண்டுதான், ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், எங்கள் ஊர்ப் "போட்டுத் தெரு" மொத்தமும் வாயடைத்து நின்றதைப் பார்த்தேன். பழி வாங்குவது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லித்தந்ததும் அதே ஆண்டுதான். பாவமாகவே இருக்கட்டும். ஆனால் அது எவ்வளவு இனிக்கும் என்பதை சிஸ்டர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்களுடையது இராமேசுவரம் தீவின் வடகரையில் கடலைப் பார்த்து நீண்டு கிடக்கும் ஊர். மேற்கே ஜெட்டியை ஒட்டி விசைப்படகுக்காரர்கள் தெரு, கிழக்கே மணலோரமாக எங்கள் நாட்டுப்படகுக்காரர்கள் தெரு, நடுவில் இன்னும் இரண்டு தெருக்கள். விசைப்படகை நாங்கள் "போட்டு" என்போம், நாட்டுப்படகை "வல்லம்" என்போம். கோயில் ஒன்று, பூசை ஒன்று, கல்லறைத் தோட்டமும் ஒன்று. கடலை மட்டும் நாள் கணக்கில் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். வாரத்தில் இன்னின்ன நாள் போட்டுக்கு, இன்னின்ன நாள் வல்லத்துக்கு. போட்டு தன் மடியை, அதாவது பை போன்ற இழுவலையை, கடலின் அடியோடு இழுத்துக்கொண்டு போகும்; அது போகிற வழியில் வல்லத்துக்காரன் விரித்த வலை கிடந்தால் நாராகக் கிழித்துவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இவை போக, கோடையில் மீன் குஞ்சு பொரிக்கும் மாதத்தில் போட்டுகளை அரசாங்கம் கரையில் கட்டிப்போடும் "தடைக்காலம்" என்ற ஒன்றும் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அந்த நாட்களில் வல்லங்கள் கடலுக்குப் போகும், போட்டுக்காரப் பையன்கள் பந்து விளையாடுவார்கள், இல்லையென்றால் டி.வி. முன்னால் மல்லாந்து கிடப்பார்கள்.

அந்த ஆண்டு தடைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், வல்லத்து நாள் ஒன்றில்தான், எங்கள் அய்யாவின் நண்டு வலைகளை ஒரு போட்டு அறுத்துக்கொண்டு போனது. மழைக்காலம் முழுக்க அம்மாவும் அய்யாவும் வாசலில் உட்கார்ந்து கோர்த்த வலைகள் அவை. சாயங்காலம் விரித்துவிட்டு வந்து, கருக்கலில் எடுக்கப் போனவர் தூரத்தில் ஒரு எஞ்சின் விலகிப் போகும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். இருமலை வைத்து ஆளைச் சொல்வது போல, சத்தத்தை வைத்துப் போட்டைச் சொல்லிவிடக்கூடியவர் அவர். அது எங்கள் ஊர்ச் சம்மாட்டியின் போட்டு. சம்மாட்டி என்றால் பல போட்டுகளுக்கு முதலாளி. அந்தப் போட்டுக்கு டிரைவர் அவருடைய மூத்த மகன் டெரன்ஸ். வல்லத்து நாளில் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போய்விட்டு விடிவதற்குள் திரும்பும் பழக்கம் டெரன்சுக்கு உண்டு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. அய்யா கரைக்குக் கொண்டுவந்தது கிழிந்த துண்டுகளையும் சில மிதப்புக் கட்டைகளையும்தான். மிச்ச வலை கடலடியில் ஒரு பாறையில் மாட்டிச் சுருண்டு கிடந்தது, இழுத்துப் பார்த்தும் வரவில்லை.

வழக்கு ஊர்க் கமிட்டிக்குப் போனது. வலை எங்கே கிடந்தது, அடையாளம் சொல் என்று கேட்டார்கள். இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நண்டு எல்லா இடத்திலும் மேயாது. அது மேயும் பாறையோரம் ஒன்று ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால், அதுதான் அந்தக் குடும்பத்தின் நிலம், நகை, பேங்குக் கணக்கு எல்லாம். அய்யாவுக்கு அவருடைய அய்யா காட்டிக்கொடுத்த இடம் அது. அண்ணனுக்குத் தெரியும், எனக்கோ அம்மாவுக்கோ கூடத் தெரியாது. "எடத்தைச் சொன்னவன் எடத்தை வித்தவன்" என்பார் அய்யா. ஆகவே கமிட்டியில் "வடகடலு" என்றதோடு வாயை மூடிக்கொண்டார். வடகடல் என்றால் இலங்கை வரைக்கும் வடகடல்தான். டெரன்ஸ் சிலுவையின் மேல் கை வைத்து, அன்றைக்குத் தன் போட்டு துறையை விட்டு நகரவேயில்லை என்று சத்தியம் செய்தான். அவன் அப்பா சம்மாட்டி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எடமே இல்லாத வலைக்கு என்னப்பா வழக்கு? மக்கிப்போன வலையைக் காட்டிப் புதுசு கேக்க வந்துட்டான், பொய்யன்" என்றார். கமிட்டி சிரித்தது. வழக்கு தள்ளுபடி.

வலை போனதைக் கூட நான் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அய்யா ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டு, விடியலில் கிழவிகள் மட்டும் வரும் சின்னப் பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் முழங்காலிட்டுவிட்டு வந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் "காணாவலை மக" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட ஒருத்தியின் சடையை நான் பிடித்து இழுத்ததில் இரண்டு பேருக்கும் பிரம்படி கிடைத்தது. கை வீங்கிப் போய் வீட்டுக்கு வந்து, அண்ணன் பிரிட்டோவிடம், அவனுங்களை ஏதாவது செய்யணும் என்று அழுதேன். அண்ணனுக்குப் பதினெட்டு வயது, அய்யாவோடு வல்லத்தில் போகிறவன், பேச்சு குறைவு. "செய்வோம்" என்றான். என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை.

என்ன செய்வது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் டெரன்ஸேதான். அவனுடைய அம்மா எனக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தியவர். வழக்கு வந்தாலும் வலை போனாலும் அந்த உறவை முறிக்க முடியாது என்பது எங்கள் பக்கத்து ஒழுங்கு. நான் போகாமல் இருந்தபோது அந்த அம்மாவே எங்கள் தெருவுக்கு வந்து, என் அம்மா முறைத்துக்கொண்டு நிற்க, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பழிக்குப் பழி என்று கருவிக்கொண்டிருந்த நானும் போனேன், ஏனென்றால் அந்த வீட்டில் பெரிய கலர் டி.வி. இருந்தது, கேபிள் இருந்தது. எதிரி வீட்டு டி.வி. என்பதற்காக அதில் படம் மங்கலாகவா தெரியப் போகிறது?

அந்தக் கோடையில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஐரோப்பாக் கண்டத்துக் கிளப்புகள் மோதிக்கொள்ளும் பெரிய கோப்பையின் நாக்-அவுட் ஆட்டங்கள். நம்மூர் நேரத்துக்கு நடுச்சாமத்தில் நடப்பவற்றை மறுநாள் மத்தியானம் மறுபடி போடுவார்கள். தடைக்காலத்தில் வேலையில்லாத போட்டுத் தெருப் பையன்கள் வரிசையாகத் தரையில் கிடப்பார்கள். நான் மூலையில் உட்கார்ந்து ஞானத்தாய்க்கு வெங்காயம் உரித்துக்கொடுத்தபடி பார்ப்பேன். புல்தரை அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. லீக் ஆட்டம் போலில்லை, தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதால் ஒவ்வொருவன் முகத்திலும் ஒரு வெறி இருந்தது; அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் முடிந்து மொத்தக் கணக்கு சமமாக இருந்தும், ஒரு அணி துள்ளிக் குதித்தது, மற்ற அணிக்காரர்கள் புல்லில் முகம் புதைத்து அழுதார்கள். எனக்கு விளங்கவில்லை. ஏன் அழுகிறார்கள் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

டெரன்ஸ் பெருமையாகத் திரும்பி உட்கார்ந்தான். விளக்கம் சொல்வதென்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. "ஆளுக்கொரு ஆட்டம் அவனவன் ஊருல ஆடணும். மொத்தக் கணக்கு சமமா வந்துச்சுன்னா, வெளியூருல எவன் கூடப் போட்டானோ அவன்தான் ஜெயிச்சவன். பெனால்டியெல்லாம் கெடையாது. வெளியூர்க் கோலுக்கு அம்புட்டு மவுசு" என்றான். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னான். அந்தக் குடும்பத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

எங்கள் ஊரிலும் ஒவ்வொரு கோடையிலும் நான்கு தெருக்களுக்கு நாக்-அவுட் நடக்கும். பங்குக் கோயிலில் உதவிக் குருவாக வரும் இளஞ்சாமியார்தான் ரெஃப்ரி. கோப்பை என்று ஒரு தகரச் சாமான் இருந்தாலும் அதற்காக யாரும் விளையாடவில்லை. விளையாடியது குருசடித் திருநாளுக்காக. தெருவுக்கொரு குருசடி, அதாவது கடலோரத்தில் ஒரு சின்னச் சிலுவைக் கோயில். அதன் திருநாளன்று பெண்களையும் பிள்ளைகளையும் வல்லத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று காட்டிக் கொண்டுவருவார்கள். இறுதியாட்டத்தில் வென்ற தெருவின் திருநாளுக்கு, தோற்ற தெருவின் கேப்டன் வந்து சுக்கான் பிடிக்க வேண்டும். பெண்கள் கேலி செய்வார்கள், பிள்ளைகள் தலையில் தண்ணீர் ஊற்றும், அவன் வாய் திறக்கக் கூடாது. வல்லத்துக்காரன் அப்படி வந்து நின்றால் அது விளையாட்டு. போட்டு டிரைவர் ஒருவன் வல்லத்துச் சுக்கானைப் பிடிப்பது என்றால், காரோட்டுகிறவனை மாட்டு வண்டியில் உட்காரவைத்த மாதிரி. அதுவரை அப்படி ஒருபோதும் நடந்ததில்லை, ஏனென்றால் போட்டுத் தெரு இறுதியாட்டத்தில் தோற்றதேயில்லை.

அந்த ஆண்டும் இறுதிக்கு வந்தவை அந்த இரண்டு தெருக்கள்தான். எங்கே ஆடுவது என்று வழக்கமான சண்டை. எங்கள் ஆடுகளம் கடற்கரை மணல். அவர்களுடையது ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் சரளையும் சிப்பி ஓடுமாகக் கிடக்கும் கெட்டித் தரை. பெரிய பூசை முடிந்து கூட்டம் கலைவதற்குள் போட்டுத் தெருக் கேப்டன் டெரன்ஸ் முன்னால் வந்து, ஐரோப்பாக் கோப்பையில் நாக்-அவுட் ஆடுகிற மாதிரியே, இரண்டு இடத்திலும் ஒவ்வொரு ஆட்டம் வைப்போம், சமமாக வந்தால் வெளியூர்க் கோல் கணக்கு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அவன் கணக்கு எனக்குப் புரிந்தது. மணலில் அவர்கள் எப்படியும் ஒன்றிரண்டு போட்டுவிடுவார்கள். செருப்பு கூட இல்லாத எங்கள் பையன்கள் அந்தச் சரளையில் ஓடவே மாட்டார்கள், எங்கே கோல் போடுவது? இளஞ்சாமியார் சரி என்றார். எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த விதி பாதி புரியவில்லை, ஆனாலும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

முதல் ஆட்டம் எங்கள் மணலில். துடுப்புகளை நட்டுக் கோல்கம்பமாக்கியிருந்தோம். ஆறு நாளும் கடலில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட வந்த எங்கள் பையன்களுக்குத் தோள் தொங்கிப்போயிருந்தது. அவர்களோ ஒரு மாதமாகத் தின்று தூங்கிய காளைகள். ஆனாலும் ஒன்றே ஒன்றுதான் போட முடிந்தது அவர்களால். நாங்கள் ஒன்றும் போடவில்லை. ஆட்டம் முடிந்து போகும்போது டெரன்ஸ், கரையில் வலைத் துண்டுகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அய்யாவைக் கடந்து போனான். "என்ன மாமா, எங்க கோலாவது கண்ணுல பட்டுச்சா, இல்ல அதுவும் காணாப் போச்சா?" என்றான். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அய்யா தலையைத் தூக்கவில்லை, முடிச்சுப் போடும் கை மட்டும் நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன். கையில் ஒரு கல் இருந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த விதியை அண்ணனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நான் மணலில் கோடு போட்டுக் கோடு போட்டுப் புரியவைத்தேன். "நாம அவன் எடத்துல ரெண்டு போட்டு, அவன் ஒண்ணு போட்டாலும் நாமதான். மொத்தம் ரெண்டுக்கு ரெண்டு. ஆனா வெளியூர்க் கோல் நமக்கு ரெண்டு, அவனுக்கு ஒண்ணு." அண்ணன் ரொம்ப நேரம் கோட்டையே பார்த்துவிட்டு, "இது அவனுகளுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஊர் நாக்-அவுட்டின் அரையிறுதியில் அவர்களுடைய கோலி பெனால்டியில் மூன்றைத் தட்டிவிட்டு ஊர் முழுக்கத் தோளில் ஊர்வலம் போயிருந்தான். அந்தப் போதை அவர்களுக்கு இன்னும் இறங்கவில்லை. "ஞாபகப்படுத்தாத வரைக்கும் இருக்காது" என்றேன்.

இரண்டாவது ஆட்டத்தன்று அம்மோனியா நெடி கண்ணை எரித்தது. நான் எங்கள் தெருப் பெண் பிள்ளைகளோடு ஐஸ் கம்பெனிச் சுவரோரம் நின்றேன். எங்கள் பையன்கள் காலில் பழைய லுங்கித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பார்த்ததும் போட்டுத் தெரு ஊளையிட்டது. ஊளை அடங்குவதற்குள் ஒரு கோலும் போட்டுவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு, கார்னரில் வந்த பந்து யார் தலையில் பட்டதென்றே தெரியாமல் உள்ளே போனது, எங்களுக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் அண்ணன், சுற்றிய துணி அவிழ்ந்து வால் போலத் தொங்க, சிப்பி ஓட்டில் ரத்தக் கால் பதித்தபடி ஓடி இன்னொன்றைப் போட்டான். நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிப்போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தாயிற்று, இனி பெனால்டிதான் என்று டெரன்ஸ் முடிவு செய்துவிட்டான். "அடிச்சு வெளியே போடுங்கலே! நேரத்தைக் கடத்துங்க!" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். அவர்களும் பந்து கிடைக்கும்போதெல்லாம் காட்டுக்கருவை மரக்கூட்டத்துக்குள் ஓங்கி உதைத்தார்கள். முள்ளுக்குள் நுழைந்து பந்தை எடுத்துவர எங்கள் பையன்கள் போனார்கள். போனவர்கள் அவசரமே படாமல் திரும்பி வந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து நேரத்தைக் கொன்றுகொண்டிருந்தோம். அண்ணன் ஒருமுறை என் பக்கம் பார்த்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருத்தி, ஜெயிச்சிட்டோம்ல என்று கேட்கப் போனாள். அவள் வாயையும் பொத்தினேன்.

விசில் ஊதியதும் அவர்களுடைய கோலி கையை உதறிக்கொண்டு கம்பத்துக்கு நடுவே போய் நின்றான். டெரன்ஸ் பந்தைக் கொண்டுபோய்ப் பெனால்டிக் குறியில் வைத்தான். வைத்துவிட்டு நிமிரட்டும் என்று காத்திருந்து, கட்டிப்போன தொண்டையோடு நான் கத்தினேன்: "வெளியூர்க் கோலு! சாமி, வெளியூர்க் கோலு!" இளஞ்சாமியார் ஒரு நிமிடம் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. டெரன்ஸ் முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது; நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்திருக்கிறேன், கெடும்போது அதன் மூஞ்சி எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சம்மாட்டி உள்ளே இறங்கி, "ரெண்டு தெருவும் ஒரே ஊருதான, இதுல எங்கேர்ந்து வந்துச்சு வெளியூரு?" என்று சண்டைக்கு வந்தார். "கோயில் முன்னால எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னது உங்க மகன்தான்" என்றார் சாமியார்.

எங்கள் குருசடித் திருநாள் தடைக்காலம் முடிகிற சமயத்தில் வந்தது. டெரன்ஸ் வந்தான். வராவிட்டால் ஊர் துப்பும் என்பதால் வந்தான். எங்கள் வல்லத்தைத்தான் அலங்கரித்திருந்தோம். அண்ணன் எஞ்சினைக் கிளப்பிக் கொடுக்க, டெரன்ஸ் சுக்கானைப் பிடித்தான். தெருப் பெண்கள் மாதா பாட்டுக்கு நடுநடுவே அவனை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள், ஒரு பிள்ளை அவன் சட்டைக்குள் தண்ணீரை விட்டது, நான் எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லத்தின் முன்முனையில் அய்யா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வழக்கமாகப் பாம்பன் பாலத்துப் பக்கம்தான் சுற்று போகும். பிள்ளைகள் கிழக்கே டி.வி. டவர் பார்க்க வேண்டும் என்று கூச்சல் போட்டதால் கிழக்கே விட்டான்.

கடல் தட்டுப் போலக் கிடந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த வல்லம், ஒரு இடத்தில், எதிரே ஒன்றுமே இல்லாத தண்ணீரில், அகலமாக வளைந்து சுற்றிப்போய் மறுபடி பழைய நேருக்கு வந்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. அய்யா மட்டும் திரும்பினார்.

"ஏலே டெரன்ஸு, இங்கன எதுக்குச் சுத்திப் போற?"

சுக்கான் பிடித்துப் பழகியவனுடைய வாய் யோசிப்பதற்குள் பதில் சொல்லிவிடும். "அடியில வலை சுருண்டு கெடக்குல்ல மாமா, எஞ்சின் விசிறியில மாட்டிக்கிரும்" என்றான்.

பாட்டு நின்றது. எங்கள் வலை எங்கே கிடக்கிறது என்று அய்யாவுக்கும் அண்ணனுக்கும் தெரியும், அறுத்தவனுக்குத் தெரியும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. சொன்ன பிறகுதான் டெரன்சுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. அய்யா அவனைப் பார்த்தார். பிறகு, "சரி, ஓட்டு" என்று திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு போதாது. கடற்காரன் மகள் நான். வல்லம் வளைந்தபோதே தலையைத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டேன், எங்கள் கோயில் கோபுரமும் டி.வி. டவரும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிற நேர் அது; கடலில் இடத்தைக் குறித்துவைப்பது அப்படித்தான். வல்லம் கரை தட்டுவதற்குள் குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடி, கமிட்டிக்காரர்களும் சம்மாட்டியும் சர்பத் குடித்துக்கொண்டிருந்த பந்தலுக்கு முன்னால் போய் நின்று, டெரன்ஸ் சொன்னதைச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார்கள், அன்றைக்குக் கேட்ட மாதிரியே. பின்னாலிருந்து அய்யா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கேட்காத மாதிரி, கோபுரமும் டவரும் சேரும் நேரை, பாறையோரத்தை, வளைந்த வளைவை, எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன். வல்லத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, ஆமாம், நாங்களும் கேட்டோம் என்றார்கள்.

கமிட்டி மறுபடி கூடியது. பொய்ச் சத்தியம் செய்த குற்றத்துக்கு டெரன்ஸ் எங்கள் குருசடி முன்னால் முழங்காலிட்டான். சம்மாட்டி புது வலைகள் கொடுத்தார். அதோடு விடவில்லை, பொய்யன் என்று சொன்ன வாயால், "பொய் சொன்னது நாங்கதான், அவரில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லவைத்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் என்னுடையது. இன்னொரு தரம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அய்யா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரிய பூசைக்குப் போனார், முன்வரிசைக்கு.

புது வலைகளை வல்லத்தில் ஏற்றிக்கொண்டு அவரும் அண்ணனும் போனபோது, அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு வல்லங்களின் மிதப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருக்காரர்கள்தான். யாரைக் குறை சொல்வது? ஊருக்கே அடையாளம் சொன்ன பிறகு அது ஊரின் இடம். அடுத்த பருவத்தில் பக்கத்து ஊர் வல்லங்களும் வந்தன, அதற்கடுத்து இன்னும் பல. நண்டு சிறுத்தது, பிறகு குறைந்தது, பிறகு கூடைக்குக் கூட வரவில்லை. ஒருநாள் வெறுங்கூடையோடு வந்த அய்யா, "ஊருக்கே கேக்குற மாதிரியா கத்துவே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் கூழாங்கல்லும் கிழிந்த பிளாஸ்டிக்கும்தான் வருகிறதாம். ஐஸ் கம்பெனி வேறிடத்துக்குப் போய்விட்டது, சரளைத் திடலில் லாட்ஜ் கட்டிச் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கின்றன. குருசடித் திருநாளுக்கு வல்லத்தில் ஆள் ஏற்ற இப்போது அனுமதி கிடையாது. தெருவுக்குத் தெரு ஆடிய நாக்-அவுட் நின்று பல வருடமாகிறது, பையன்கள் ஆளுக்கொரு திசையில் வளைகுடாவில் இருக்கிறார்கள். டெரன்சும் அங்கேதான், யாருடைய படகிலோ. அந்த ஐரோப்பாக் கோப்பையிலேயே வெளியூர்க் கோல் விதியை எடுத்துவிட்டார்கள் என்று சில வருடம் முன்னால் அண்ணன் போன் செய்து சொன்னான். சொந்தக்காரர் ஒருவர் தவறிப்போன செய்தி கேட்டது போல இருந்தது.

விதியைச் சொல்லிவிட்டு அண்ணன் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னான்: "நீ அன்னைக்கிக் கத்தாம இருந்திருந்தா இன்னைக்கும் நமக்கு நண்டு இருந்திருக்கும்." இருந்திருக்கும்தான். அந்த நண்டை வாங்கிப்போய்க் குழம்பு வைத்துத் தின்றுகொண்டே, பொய்யன் வலையில் பட்ட நண்டு நல்ல ருசி என்று ஊர் சொல்லியிருக்கும். அந்த வல்லம் மறுபடி கரை தட்டி, அய்யா மறுபடி என் பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டாலும், நான் மறுபடி கத்துவேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.